மேட்டூரில் சரக்குக் கப்பல் ஓடுமா?

ஆசிரியருக்கு,

அமெரிக்கப் பேரேரிகளைப் போல மேட்டூர் நீர்த்தேக்கத்திலும் சரக்குக் கப்பல் விடலாம் என்று சேலத்தில் சிலர் பேசுகிறார்கள். ஆசை நியாயமானது, ஒப்பீடு தவறு. சுப்பீரியர் ஏரிக்கரையில் டுலூத் துறைமுகத்தில் இரும்புத்தாது ஏற்றும் ஆயிரம் அடிக் கப்பல், கீழ் ஏரிகளோடு இணைக்கும் சூ கால்வாயைக் கடந்து கீழ் ஏரிகளின் உருக்காலைகளுக்கே போய்ச் சேர்கிறது. கரையில் கிரேன்கூட வேண்டாம்; கப்பலுக்குள் அடியில் ஓடும் கன்வேயர் பெல்ட்டே தாதை மேலே கொண்டுவந்து, நீண்ட கை வழியாகக் கரையில் கொட்டிவிடும். ஒரு முனையில் சுரங்கம், மறுமுனையில் ஆலை. நம் அணையிலோ 120 அடி நீர்மட்டம் வெகுவாகச் சரியும்போது பண்ணவாடியில் மூழ்கிக் கிடக்கும் நந்தி சிலையே வெளியே தெரிகிறது. துறைமுகத்தை எங்கே கட்டுவது? அது டெல்டா பாசனத்துக்கான தண்ணீர். சேலத்துச் சுரங்கங்களின் மேக்னசைட் தாதைக் கூடுதலாக ரயிலில் அனுப்ப வழி தேடுங்கள். அதை ஏற்றிச் செல்லும் லாரிகளுக்குத் தார்ப்பாய் போடுவதையும் கட்டாயமாக்குங்கள்.

— ஒரு வாசகர், ஓமலூர்