பிறப்புப் பதிவேட்டில் இருக்கிறது, அங்கன்வாடியில் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிராமப் பள்ளிகளில் பிள்ளைகள் குறைவதற்குக் குடும்பக் கட்டுப்பாடே காரணம் என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்ததைத் தங்கள் இதழில் படித்தேன். பேரையூர் வட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியப் பணி செய்தவன் என்ற முறையில், அது பாதிக் கணக்குதான் என்று தெரிவிக்க விரும்புகிறேன்.

மதுரை மாவட்ட மக்கள்தொகை 2001இல் 25.78 லட்சம், 2011இல் 30.38 லட்சம். இது 17.8 விழுக்காடு வளர்ச்சி. மாநில அளவிலோ 15.6 விழுக்காடுதான். மாவட்டம் இப்படி வளர்ந்தும் எங்கள் கிராமப் பள்ளிகளில் பிள்ளைகள் குறைகிறார்கள். பிறப்பு குறைந்தது உண்மைதான்: ஒரு பெண்ணுக்குச் சராசரியாக இரண்டு பிள்ளைகள்கூட இல்லை என்ற நிலைக்குத் தமிழகம் அந்தப் பத்தாண்டுகளிலேயே வந்துவிட்டது. ஆனால் மீதிப் பாதிக்குக் காரணம் இடப்பெயர்வு. எங்கள் பக்கத்து ஊர்களிலிருந்து திருப்பூர் பனியன் கம்பெனிக்கும், சென்னைக்கும், வடமாநில முறுக்குக் கம்பெனிகளுக்கும் போகிறவர்கள் பெரும்பாலும் பிள்ளை பெறும் வயதினர் என்பதால், அவர்களோடு ஊரின் அடுத்த தலைமுறையும் சேர்ந்தே வெளியேறிவிடுகிறது.

என் தம்பி மகளைத் திருப்பூரில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். ஏழாம் மாதம் வளைகாப்பு முடித்துத் தலைப்பிரசவத்துக்கு அழைத்து வந்தோம்; உசிலம்பட்டியில் பெண் குழந்தை பிறந்தது. பிறந்த இடத்தில்தான் பிறப்பைப் பதிய வேண்டும் என்பது சட்டம், அவ்வாறே பதிந்தோம். ஐந்தாம் மாதம் மாப்பிள்ளை வந்து இருவரையும் அழைத்துச் சென்றார். தொட்டில் கட்டிய சேலை இன்னும் தம்பி வீட்டுக் கொடியில்தான் கிடக்கிறது. பதிவேட்டில் ஒரு பிறப்பு கூடியிருக்கிறது. எங்கள் அங்கன்வாடியில் பிள்ளை கூடவில்லை. இது நாடு முழுவதும் உள்ள வழக்கம்தான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், இடம்பெயர்ந்ததற்கான காரணங்களுள் ‘பிறந்தபின் இடம்பெயர்ந்தது’ என்றே தனியாக ஒரு விடை இருந்தது.

ஆனால் அந்த இடப்பெயர்வு அட்டவணைகள் வெளிவரப் பல ஆண்டுகள் ஆயின. 2027 கணக்கெடுப்பிலாவது அவற்றை வட்ட வாரியாக விரைந்து வெளியிட வேண்டும்; அதுவரை பள்ளிகளை இணைப்பது குறித்து மாணவர் எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது. ஊர்ப் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: கணக்கெடுக்க வருபவரிடம் ரேஷன் அட்டையை நீட்டி, அதிலுள்ள எல்லோரும் வீட்டில் இருப்பதாகச் சொல்லாதீர்கள், வெளியூரில் இருக்கும் பிள்ளைகளை வெளியூரில் இருப்பதாகவே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்,
பேரையூர் வட்டம், மதுரை மாவட்டம்.