ஓராண்டுச் சான்றிதழ் படித்தவர்களின் நிலை

ஆசிரியருக்கு வணக்கம்.

பிளஸ் டூ முடிவு வந்துவிட்டால் 'பாராமெடிக்கல்' விளம்பரங்கள் சுவருக்குச் சுவர் முளைத்துவிடும். அங்கீகாரமே இல்லாத அந்த இடங்களைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது, அரசு மருத்துவக் கல்லூரிகளே நடத்தும் ஓராண்டுச் சான்றிதழ்ப் படிப்புகளைப் பற்றி. மயக்க மருந்துப் பிரிவுக்கான அனஸ்தீசியா டெக்னீசியன், அறுவை அரங்குக்கான தியேட்டர் டெக்னீசியன், ஈ.சி.ஜி. டெக்னீசியன் போன்றவை. நர்சிங் சீட் கைநழுவிப் போன கிராமத்துப் பிள்ளைகள் பலர் நம்பி வந்து சேர்வது இங்கேதான்.

அறுவை அரங்கில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். காலையில் முதல் நோயாளியை உள்ளே கொண்டுவரும் முன்பே அனஸ்தீசியா டெக்னீசியன் வந்து நிற்பார். சிலிண்டரில் ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது, சக்‌ஷன் கருவி சளி, ரத்தத்தை ஒழுங்காக இழுக்கிறதா, தொண்டைக்குள் பார்க்க உதவும் லாரிங்கோஸ்கோப் கருவியின் பல்பு எரிகிறதா, மூச்சுக்குழாய்க்குள் செலுத்தும் டியூபின் கஃபில் (அதைச் சுற்றியுள்ள சிறு பலூனில்) காற்று நிற்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். மருந்து கொடுத்து நோயாளியின் மூச்சு நின்ற பிறகு பல்பு எரியவில்லை என்று தேடிக்கொண்டிருக்க முடியாது. ஈ.சி.ஜி. மட்டும் லேசுப்பட்டதா? மார்பில் வி1, வி2 என்ற லீடுகளை (துடிப்பைப் பதிய ஒட்டும் மின்முனைகளை) ஒரு விலா இடைவெளி மேலே ஒட்டிவிட்டால், வராத மாரடைப்பு வந்துபோனது போலத் தாளில் தெரியக்கூடும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். துணை மருத்துவத் தொழில்களுக்கென 2021-இல் நாடாளுமன்றம் ஒரு தேசிய ஆணையச் சட்டம் கொண்டுவந்தது. அதன்படி துணை மருத்துவப் பணியாளர் என்றால் டிப்ளமோவோ பட்டமோ வேண்டும். படிப்பு 2,000 மணி நேரத்துக்குக் குறையாமல், இரண்டு முதல் நான்கு ஆண்டு வரை இருக்க வேண்டும். தரம் உயரட்டும், வேண்டாமென்று யார் சொன்னது? ஆனால் ஓராண்டுச் சான்றிதழ் அந்த வரையறைக்குள் வரவில்லையே; அப்படியானால் ஆணையத்தின் பதிவு கிடைக்குமா என்பதே சந்தேகம். போலி நிறுவனத்தில் ஏமாந்தவர் கதை வேறு. அரசுக் கல்லூரியில், அரசு மருத்துவமனை வார்டிலேயே பழகி வாங்கிய சான்றிதழுக்கும் இதே கதியா?

ஏற்கெனவே முடித்தவர்கள் வேலையை விடாமல் மீதிப் பாடங்களைப் படித்து டிப்ளமோ பெற வழி செய்ய வேண்டும். பணி அனுபவத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். அப்புறம், புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்காக இன்னொன்று: இந்தப் படிப்பை முடித்தால் ஆணையத்தின் பதிவு கிடைக்குமா கிடைக்காதா என்பதைச் சேர்க்கைக் கையேட்டின் முதல் பக்கத்திலேயே அச்சிட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
திருநெல்வேலி