ஜூரியில் குழாயைப் பற்றியும் கேளுங்கள்

கட்டடக்கலைக் கல்லூரிகளின் பாடத்திட்டக் குழுவினருக்கும் வடிவமைப்பு ஸ்டூடியோ ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். நான் இயந்திரப் பொறியியல் படித்தவன். கட்டடங்களுக்குள் தண்ணீரும் மின்சாரமும் குளிர்காற்றும் ஓட வழி அமைப்பது 22 ஆண்டுகளாக என் தொழில். கடந்த 8 ஆண்டுகளாகக் கட்டடக்கலை மாணவர்களுக்குக் 'கட்டடச் சேவைகள்' பாடம் நடத்தியும் வருகிறேன்.

சென்ற பருவத்தில் ஒரு நான்காம் ஆண்டு ஜூரியில், அதாவது மாணவர்கள் தங்கள் வரைபடங்களை ஆசிரியர் குழுவின் முன் வைத்து மதிப்பீடு பெறும் அமர்வில், பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு மாணவி நான்கு மாடி மருத்துவமனை ஒன்றை வரைந்து கொண்டுவந்திருந்தார். நடுவே முற்றம், சுற்றிலும் வார்டுகள், மேற்கு வெயிலை மறிக்கும் ஜாலிச் சுவர். மனம் ஒன்றிச் செய்த வேலை. ஆனால் மாடிக்கு மாடி கழிப்பறைகள் இடம் மாறியிருந்தன. இரண்டாம் மாடிக் கழிப்பறைக்கு நேர் கீழே அறுவை அரங்கு. பேச்சு முழுவதும் முற்றத்தின் நீள அகலத்தைச் சுற்றியே நடந்தது. முடியும் தறுவாயில், "இந்தத் தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது அம்மா?" என்று கேட்டேன். "அதைச் சர்வீஸ் கன்சல்டன்ட் பார்த்துக்கொள்வார் சார்" என்றார்.

அவர் மீது எனக்குக் கோபமில்லை. அவருக்கு இந்தப் பாடத்தை நடத்தியவன் நானே. தேர்வில் நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருந்தார். ஆனால் வரைபலகையில் அவர் செய்த எதையும் அந்தத் தேர்வு தொடவில்லை. சேவைகளை ஒரு தனித் தாளில் எழுதி முடித்துவிடலாம், வடிவமைப்பு வரையும் ஸ்டூடியோ வகுப்பில் அதைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள் என்பதை நாம் எல்லோரும் சேர்ந்துதான் அவருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறோம்.

தண்ணீர் ஓடுவதற்காகக் கொடுக்கும் சரிவுக்குக் கொத்தனார்கள் புழங்கும் 'வாட்டம்' என்ற சொல்லை நம் மாணவர்கள் வாயில் நான் அபூர்வமாகவே கேட்கிறேன். மொட்டைமாடியில் மழைநீர் தேங்காமல் ஓடுவதும், குளியலறைத் தண்ணீர் அறைக்குள் வராமல் இருப்பதும் வாட்டத்தால்தான். கழிவுநீர்க் குழாய்க்கு 40-க்கு 1 என்று வாட்டம் கொடுத்தால், 12 மீட்டர் போவதற்குள் அது 300 மி.மீ. இறங்கிவிடும். குழாயின் விட்டம் 110 மி.மீ. தனி. வழியில் 600 மி.மீ. பீம் குறுக்கிட்டால் அதற்கும் கீழேதான் போக வேண்டும். இப்போது உயரத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். தளத்துக்குத் தளம் 3.6 மீட்டர். அதில் பீமுக்கு 600 மி.மீ., குளிர்காற்று போகும் பெரிய குழாயான டக்டுக்கு 450, விளக்குக்கும் ஃபால்ஸ் சீலிங்குக்கும் 150 போனால் மிஞ்சுவது 2.4 மீட்டர். குளிரூட்டப்பட்ட அறைக்கு 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு ஏற்கும் குறைந்தபட்ச உயரமே அவ்வளவுதான். அந்தக் கழிவுநீர்க் குழாய்க்கு இன்னும் நாம் இடம் ஒதுக்கவில்லை. கட்டடத்தை நெடுக்காக வெட்டிக் காட்ட மாணவி வரைந்த செக்‌ஷனிலோ அந்த அறை 3.6 மீட்டரும் திறந்து கிடந்தது.

நீங்கள் வகுப்பில் காட்டும் படங்களிலேயே இதற்கு விடை இருக்கிறது. கலிஃபோர்னியாவின் லா ஹோயாவில் லூயி கான் வடிவமைத்து 1965-இல் முடிந்த சால்க் ஆய்வு நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே பசிபிக் கடலை நோக்கி ஓடும் அந்த ஒற்றை நீர்க்கோடு நம் மாணவர்களுக்கு மனப்பாடம். ஒவ்வோர் ஆய்வகத் தளத்துக்கு மேலும் ஆள் நிமிர்ந்து நடக்கும்படி ஏறத்தாழ 9 அடி உயரத்தில் குழாய்களுக்கென்றே ஒரு தளம் இருப்பதை எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறோம்? பொறியாளர் ஆகஸ்ட் கோமெண்டன்ட்டுடன் சேர்ந்து, கட்டடத்தைத் தாங்கும் பெருஞ்சட்டங்களை அந்தத் தளத்துக்குள்ளேயே வைத்தார்கள். அதனால் ஆய்வகத்தின் நடுவில் தூண் இல்லை. கீழே ஆய்வு நடந்துகொண்டிருக்கும்போதே மேலே குழாயை மாற்றலாம். கானுக்குக் குழாய்களைப் பிடிக்காது. அதை அவர் வெளிப்படையாகவே சொன்னவர். பிடிக்காததால்தான் அவற்றுக்கு உரிய இடத்தைக் கொடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் அவை புகுந்து கட்டடத்தையே கெடுத்துவிடும் என்பது அவர் எண்ணம். நீர்க்கோட்டைக் காட்டும் நாளிலேயே இந்தக் குழாய்த் தளத்தையும் காட்டுங்கள்.

நம் ஊரில் இடம் ஒதுக்காமல் விட்டதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். ஏசியின் வெளிப்பெட்டிக்குத் திண்டு வைக்காத ஐந்தாம் மாடி. ஜன்னல் சட்டத்தில் ஒரு காலையும் வெளியே நீட்டிய இரும்புத் தாங்கியில் ஒரு காலையும் ஊன்றி, இடுப்பில் கயிறுகூட இல்லாமல் ஓர் இளைஞர் வாயு நிரப்பிக்கொண்டிருக்கிறார். நான் அண்ணாந்து பார்த்துப் பதறியது ஒரு முறை இரு முறை இல்லை. குழாய்கள் மேலிருந்து கீழே இறங்கும் ஒன்றரை அடி அகல ஷாஃப்டுக்குள் உடம்பைத் திருப்ப முடியாமல் பிளம்பர் தவிக்கிறார். பிளானில் ஒரு கோட்டை நகர்த்தியிருந்தால் இருவரும் தரையில் நின்று வேலை செய்திருப்பார்கள். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் அடித்தளத்து மின்பலகைகளும் ஜெனரேட்டர்களும் மூழ்கியதையும் நாம் மறந்திருக்க முடியாது. கார்களுக்குப் போக மிஞ்சிய மூலையை மின் அறை என்று குறித்துவிடும் பழக்கம் ஸ்டூடியோவில்தான் தொடங்குகிறது.

நான் கேட்பது புதிய பாடம் ஒன்றை இல்லை. ஏற்கெனவே இருக்கும் பாடத்தை ஸ்டூடியோவுக்குள் கொண்டுவாருங்கள். மூன்றாம் ஆண்டு முதல் ஒவ்வொரு வடிவமைப்பிலும், மேல்நிலைத் தொட்டியிலிருந்து கழிப்பறை வழியாகத் தெருச் சாக்கடை வரை ஒரு செக்‌ஷனை 1:20 அளவில் வரையச் சொல்லுங்கள். சேவைகளை அறிந்த ஒருவரை ஜூரியில் உட்காரவைத்து, அவர் கையிலும் மதிப்பெண் கொடுங்கள். மதிப்பெண் இல்லாமல் வந்து உட்காருபவரின் கேள்விக்கு அன்று எனக்குக் கிடைத்த பதில்தான் கிடைக்கும். உங்கள் கல்லூரியின் சம்ப், மின் அறை, மொட்டைமாடி ஆகியவற்றின் பூட்டுகளை மாணவர்களுக்காக ஒரு நாள் திறந்துவிடுங்கள். அங்கே வேலை செய்யும் எலெக்ட்ரீஷியனே விளக்கட்டும்.

அந்த மாணவி பிறகு என்னைத் தேடி வந்தார். கழிப்பறைகளை ஒரே நேர்கோட்டில் அடுக்கி, நடுவில் ஆள் நுழையும் அகலத்துக்கு ஒரு ஷாஃப்ட் வைத்து வரைந்திருந்தார். முற்றம் ஒரு மீட்டர்தான் குறுகியிருந்தது. ஜூரி முடிந்துவிட்டதால் அந்தத் தாளை என்னைத் தவிர யாரும் பார்க்கவில்லை. வரும் பருவத்தில் இப்படிப்பட்ட தாள் ஜூரிக்கு முன்பே சுவரில் ஏறட்டும்.

இப்படிக்கு,
கட்டடச் சேவைகள் பாடத்தின் வருகைதரு ஆசிரியர் ஒருவர்