மெடிக்கலில் தேறிவிட்டான், சரி

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இனி என் கையெழுத்தைக் குறை சொல்ல உனக்குச் சாக்கு இல்லை.

சின்னவனுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்துவிட்டது, மெடிக்கலிலும் தேறிவிட்டான், இனி என்ன கவலை என்று எழுதியிருக்கிறாய். சந்தோஷம்தான். ஆனால் வெளிநாட்டு வேலைக்கு வந்தவர்களுக்கு எச்.ஐ.வி. பரிசோதனை செய்கிற இடத்தில் நான் பார்க்கிற வேலை அப்படி, சும்மா இருக்க முடியவில்லை. மெடிக்கலில் செய்கிற எச்.ஐ.வி. பரிசோதனை ரத்தம் கொடுத்த நாள் வரைக்கும்தான் பேசும். அதுவும் முழுசாக அல்ல. தொற்றிய முதல் சில வாரங்களில் எடுத்தால் தெரியாமல் போகலாம், சில வகைப் பரிசோதனைகளில் 3 மாதம் வரைகூட ஆகும். பலருக்குத் தொற்று வருவதே ஊரை விட்டுப் போன பிறகுதான். ஐரோப்பாவில் எச்.ஐ.வி. உள்ள புலம்பெயர்ந்தவர்களிடம் நடந்த ஓர் ஆய்வில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் தொற்றியிருந்தது. ஆனாலும் வந்தவன்தான் நோயைச் சுமந்து வந்தான் என்று சொல்ல எங்கும் ஆள் உண்டு.

வந்தவர்களுக்கு விழிப்புணர்வு இல்லையா என்று கேட்பாய். பெரும்பாலும் இருக்கிறது. எப்படிப் பரவும் என்று கேட்டால் பாடம் மாதிரி ஒப்பிக்கிறார்கள். ஆனால் பரிசோதனை அறைக்குள் வருவதில்லை.

சமீபத்தில் ஒருவர் வந்தார். கட்டட வேலை. விடாத இருமல், சட்டை தோளில் தொங்குகிறது. மொழிபெயர்ப்பாளர் வந்து உட்கார்ந்ததும் முகம் இறுகிவிட்டது. எதைக் கேட்டாலும் "ஒன்றுமில்லை, சளிதான்" என்கிறார். விசாரித்தால், இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள். இங்கே சொன்னது ராத்திரிக்குள் அறையில் கூட இருப்பவர்களுக்கும், மறுநாள் ஊரில் மனைவிக்கும் போய்விடும் என்று பயம். அந்த மொழிபெயர்ப்பாளரை அனுப்பிவிட்டு, தொலைபேசியில் வேறொரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்தோம். முகம் தெரியாத ஒரு பெண் குரல். ஸ்பீக்கரில் போட்டதும் மனிதர் மடமடவென்று கொட்டிவிட்டார். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்: "முதலாளிக்குத் தெரிவிப்பீர்களா?" நாங்கள் தெரிவிப்பதில்லை, சொன்னேன். நம்பினாரா என்று தெரியவில்லை. பரிசோதனைக்குச் சம்மதித்தார், அது போதும்.

அவர் பயம் வீண் என்று எப்படிச் சொல்வது? வளைகுடா நாடுகளில் தொற்று இருந்தால் பெரும்பாலும் வேலை விசா கிடையாது, திருப்பி அனுப்பிவிடுவார்கள். அமெரிக்காவே 2010இல்தான் எச்.ஐ.வி. உள்ளவர்கள் நுழையக் கூடாது என்ற தடையை எடுத்தது. இங்கிலாந்தில் 2012 முதல், குடியுரிமை, விசா எதையும் பார்க்காமல் எச்.ஐ.வி. சிகிச்சை இலவசம். ஆனால் அந்தச் சட்டம் தன்னையும் சேர்த்துத்தான் என்பது, விசா தாள் இல்லாமல் ஒளிந்து வாழ்கிறவனுக்கு யார் சொல்லுவார்? அப்புறம் நேரம். வேலை நேரத்தில்தான் மருத்துவமனை திறந்திருக்கும், லீவு போட்டால் அன்றைய கூலி போச்சு. இப்படித் தள்ளித் தள்ளி, எச்.ஐ.வி. உடம்பின் எதிர்ப்பு சக்தியைக் குறைத்து, காசநோயும் வந்து முற்றிய பிறகு வருகிறார்கள். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். எச்.ஐ.வி.க்கு இன்றைக்குப் பலருக்குத் தினம் ஒரு மாத்திரை போதும். ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்த நிலையிலேயே இருந்தால், உடலுறவு மூலம் துணைக்குப் பரவாது. எப்படிப் பரவும் என்று ஒப்பிக்கிறவர்களில் இது தெரிந்தவர் மிகக் குறைவு.

சின்னவனிடம் இதைச் சொல். ஆணுறை இல்லாமல் ஏதாவது நடந்துவிட்டால் 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் அன்றைக்கே, எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் மாத்திரை கேட்டுப் போக வேண்டும். 28 நாள் சாப்பிடணும். போகிற நாட்டில் சட்டம் எப்படி, முதலாளிக்குத் தெரியாமல் எங்கே பரிசோதிக்கலாம் என்பதைக் கிளம்புவதற்கு முன்பே விசாரித்து வைக்கட்டும்.

நீ இதையெல்லாம் மகனிடம் பேசக் கூச்சப்படுவாய், தெரியும். என் எண்ணைக் கொடு, நானே பேசிக்கொள்கிறேன். பயணத் தேதி முடிவானதும் எழுது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்ச் கூட்டாளி