கால் புண்ணும் ஆக்ஸிஜன் பெட்டியும்

மாப்ள,

உன் மெயில் பாத்தேன். பேத்திக்கு காது குத்து நல்லபடியா முடிஞ்சதுல சந்தோஷம்டா, நாங்கதான் வர முடியல, இவளுக்கு முட்டி வலி, மாடிப்படி இறங்குறதே பெரும்பாடா இருக்கு.

உன் சுகர் கால் புண்ணுக்கு ஹைப்பர்பேரிக் ஆக்ஸிஜன், அதாவது அழுத்தம் கூட்டுன பெட்டிக்குள்ள படுக்க வச்சு சுத்தமான ஆக்ஸிஜன், குடுக்கலாம்னு டாக்டர் சொன்னதும் நீ பயந்துட்டன்னு எழுத்துலயே தெரியுது. ரேடியேஷன் பட்ட தாடையில பல்லு பிடுங்குனா எலும்பு ஆறாம போயிரும்னு என்னையும் அந்த பெட்டிக்குள்ளதான் படுக்க வச்சாங்க, அதனால தைரியமா சொல்றேன்.

விஷயம் சிம்பிள். சாதாரணமா ஆக்ஸிஜனத் தூக்கிட்டுப் போறது சிவப்பணுல இருக்குற ஹீமோகுளோபின், அது ஏற்கனவே கிட்டத்தட்ட ஃபுல். ரத்தத்துல இருக்குற தண்ணி மாதிரியான பிளாஸ்மாவுல கரையுறது ரொம்பக் கம்மி, 100 மில்லி ரத்தத்துக்கு 0.3 மில்லிதான். ஆனா சோடாவுல கேஸ் ஏத்துற மாதிரி அழுத்தத்தக் கூட்டி சுத்தமான ஆக்ஸிஜன் குடுத்தா, மூணு மடங்கு அழுத்தத்துல அது 6 மில்லி வரைக்கும் போகும். 1960ல ஆம்ஸ்டர்டாம்ல பூரேமான்னு ஒரு சர்ஜன், பன்னிக்குட்டிகளோட ரத்தத்துல சிவப்பணுவ கிட்டத்தட்ட மொத்தமா எடுத்துட்டு வெறும் பிளாஸ்மா மாதிரி திரவத்தோட இப்படி பெட்டிக்குள்ள வச்சு உயிரோட காட்டுனாரு! உன் கால்ல சின்ன ரத்தக்குழாய் எல்லாம் கெட்டுப்போய் ஆக்ஸிஜன் போகாத இடத்துக்கும் இப்படி கொஞ்சம் எட்டும், கிருமியக் கொல்ற வெள்ளையணுவுக்கு தெம்பு வரும், நாள்பட புது ரத்தக்குழாய் முளைக்கும்.

உள்ள என்ன நடக்கும்னா, காட்டன் டிரஸ் குடுப்பாங்க. போன், வாட்ச், லைட்டர் எதுவும் கூடாது, தலைக்கு எண்ணெய், சென்ட், கிரீம் எதுவும் கூடாது, ஆக்ஸிஜன்ல ஒரு பொறி போதும், அதனால இதுல அவங்க கறாரா இருந்தா கோவப்படாத. கண்ணாடிக் குழாய் மாதிரி பெட்டிதான், வெளிய டெக்னீஷியன் உக்காந்திருப்பாரு, மைக்ல பேசலாம். அழுத்தம் ஏறும்போது லேசா சூடாகும், காது அடைக்கும், அப்ப எச்சில முழுங்கு, கொட்டாவி விடு, இல்ல மூக்கப் பிடிச்சு மெதுவா ஊது. வலிச்சா பல்லக் கடிச்சிட்டு கிடக்காத, உடனே சொல்லு, நிறுத்தி கொஞ்சம் இறக்குவாங்க. நம்ம ஆளுங்க வலிய வெளிய சொல்ல மாட்டோம்ல, அங்கதான் செவிப்பறை மாட்டிக்கும். சளி பிடிச்சிருந்தாலும் முன்னாடியே சொல்லிரு.

அழுத்தம் ஏறிட்டா அப்புறம் ஒன்னும் தெரியாது, நான் தூங்கிருவேன். ஒன்றரை மணி நேரத்துல இருந்து ரெண்டு மணி நேரம், நடுவுல கொஞ்ச நேரம் சாதாரண காத்து மாஸ்க் தருவாங்க, ஆக்ஸிஜன் ஓவரா போனா அபூர்வமா வலிப்பு வரும்னு அந்த ஏற்பாடு. கால் புண்ணுக்கு பொதுவா வாரத்துக்கு 5 நாள், மொத்தம் 30, 40 தடவ வரைக்கும் போகும். இன்னொரு கூத்து, பாதி கோர்ஸ்ல எனக்கு கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்க முடிஞ்சுது, ஆனா டிவில கீழ ஓடுற எழுத்து மங்கல். கிட்டப்பார்வை கொஞ்ச நாளைக்கு வரும், தானா சரியாயிரும், அவசரப்பட்டு புது கண்ணாடி வாங்கிறாத.

உனக்கு முக்கியமானது சுகர். உள்ள இருக்கும்போது சுகர் இறங்கும், வெறும் வயித்தோட போகாத, முன்னாடியும் பின்னாடியும் டெஸ்ட் பண்ணச் சொல்லு. நுரையீரல்ல எப்பவாவது காத்து கசிஞ்சிருந்தா மறைக்காம சொல்லணும், எக்ஸ்ரே எடுக்காம உள்ள போகாத.

ஒரு விஷயம் ஒளிக்காம சொல்றேன். இது கூடுதல் வைத்தியம்தான். கால் புண்ணுல சில ஆய்வு பலன் இருக்குன்னுது, சில ஆய்வு பெருசா இல்லைங்குது. சுகர் கண்ட்ரோல், செத்த சதைய வெட்டி எடுக்குறது, கால ஊனாம இருக்குறது, இதெல்லாம் நடக்கலன்னா காசுதான் கரையும். பெரிய ரத்தக்குழாய்ல அடைப்பு இருந்தா அத முதல்ல பாக்கணும். பீடியையும் விட்ருடா, தங்கச்சி எங்கிட்ட போன்ல அழுதுச்சு. இளமை திரும்பும், ஆட்டிசம் குணமாகும்னு இதே பெட்டியக் காட்டி விளம்பரம் பண்றவன் பக்கம் போயிராத.

கால் ரத்த ஓட்டத்தப் பாக்குற டாப்ளர் ஸ்கேன் எடுத்தாச்சா? எடுத்திருந்தா ரிப்போர்ட்ட போட்டோ புடிச்சு அனுப்பு, இங்க என் டாக்டர்ட்ட காட்டிட்டு சாயங்காலம் கூப்பிடுறேன்.