தேவதைக்குக் கீழே நிற்பவர்கள்

ஆசிரியருக்கு,

வணக்கம். கொல்கத்தா விக்டோரியா நினைவகத்துக்கு வருவோர் அனைவரும் குவிமாடத்தின் உச்சியில் நிற்கும் வெற்றித் தேவதையின் கரிய வெண்கலச் சிலையைத்தான் அண்ணாந்து பார்க்கிறார்கள். அதற்குக் கீழே, குவிமாடத்தைச் சுற்றி, கலை, கட்டடக்கலை, நீதி, ஈகை ஆகியவற்றையும், வடக்கு முகப்பின் மேல் தாய்மை, விவேகம், கல்வி ஆகியவற்றையும் மனித வடிவில் காட்டும் சிற்பங்கள் இருப்பதைக் கவனிப்பவர்கள் மிகச் சிலரே. கல்வியைக் கலைமகளாகவே கண்டு வணங்கிப் பழகிய நமக்கு, ஒரு பண்பை ஆளாக நிறுத்தும் இந்த முறை அந்நியமானதன்று.

வில்லியம் எமர்சன் வடிவமைத்து, 1906-இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1921-இல் திறக்கப்பட்ட இக்கட்டடம், தாஜ்மகாலுக்குக் கல் தந்த, ராஜஸ்தானில் உள்ள அதே மக்ரானாவின் சலவைக்கல்லால் ஆனது. சென்ற மாதம் ஒரு மாலையில் வடக்குப் புல்வெளியில் நின்று பார்த்தேன். சாய்வெயிலில் அச்சிற்பங்களின் ஆடை மடிப்புகள் ஒவ்வொன்றும் மெல்லிய நிழலோடு தனித்தனியே தெரிந்தன. பிரிட்டிஷ் பேரரசின் பெருமைக்காக எழுப்பப்பட்டவை என்பதற்காக அவற்றின் உளி வேலையை நாம் பாராமல் கடப்பது எனக்கு உடன்பாடில்லை.

தங்கள் ஞாயிறு இணைப்பில் இச்சிற்பங்களை அருகிலிருந்து எடுத்த படங்களோடு, எது எந்தப் பண்பைக் குறிக்கிறது என்ற விளக்கத்தையும் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கொல்கத்தா வாழ் தமிழ் வாசகர்