ஒலியை நிறுத்திப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் பெண் விஞ்ஞானிகளைப் பற்றி வந்த கட்டுரையை விரும்பிப் படித்தேன். படித்து முடித்துப் பக்கத்தைத் திருப்பினால், முழுப் பக்கத்துக்கு ஒரு சலவை இயந்திர விளம்பரம். 'அம்மாவுக்கு ஓய்வு கொடுங்கள்' என்கிறது. அழுக்காக்குவது வீட்டில் உள்ள அத்தனை பேரும்; ஓய்வு மட்டும் அம்மாவுக்காம். துவைப்பது யார் வேலை என்பதில் விளம்பரம் எழுதியவருக்குத் துளியும் சந்தேகம் இருந்ததாகத் தெரியவில்லை.

விளம்பரத்தில் பெண்கள் என்று பேச்செடுத்தாலே அரைகுறை ஆடைக்குத்தான் போய் நிற்கிறோம். எனக்கு அதைவிட உறுத்துவது இந்த மாதிரிக் குடும்பப்பாங்கான விளம்பரங்கள்தான். ஒரு நாள் போனில் பேசிக்கொண்டிருந்ததால் டிவியின் ஒலியை நிறுத்தியிருந்தேன். படம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் கைகளைக் கவனித்தேன். ஆண் பிடிக்கிறான், திருகுகிறான், தூக்குகிறான். பெண் விரல் நுனியால் வருடுகிறாள். கார் ஆனாலும் சரி, குளிர்சாதனப் பெட்டி ஆனாலும் சரி, அதே வருடல்தான். வருடிக்கொடுத்து யார் எந்தப் பெட்டியை நகர்த்தினார்கள்? அடுத்த விளம்பரத்தில் வெள்ளைக் கோட்டு போட்ட ஓர் ஆண் கிருமிகளைப் பற்றிப் பாடம் எடுக்கிறார். தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருப்பவள், தினமும் அந்தத் தரையைத் துடைப்பவள்.

ஏதோ நானே கண்டுபிடித்துவிட்டதாக நினைத்தேன். அப்புறம் பார்த்தால், எர்விங் கோஃப்மன் என்ற சமூகவியலாளர் நூற்றுக்கணக்கான விளம்பரப் படங்களை அடுக்கிவைத்து இதையேதான் எழுதியிருக்கிறார். அவருடைய நூல் வந்தது 1979-இல். பெண்ணின் விரல் பொருளின் ஓரத்தைத் தடவிப் போவதையும், ஆண் நிமிர்ந்து நிற்க அவள் சாய்ந்தோ படுத்தோ இருப்பதையும் அவர் அன்றே குறித்துவைத்தார். இத்தனை வருஷத்தில் கேமராதான் மாறியிருக்கிறது.

ஆண் என்றால் இப்படி, பெண் என்றால் இப்படி என்று முத்திரை குத்தித் தீங்கு செய்யும் விளம்பரங்கள் கூடாது என பிரிட்டனில் 2019 ஜூனில் விதி வந்தது. அந்த ஆகஸ்டில் முதலில் தடையான இரண்டில் ஒன்று, வோக்ஸ்வேகனின் மின்சாரக் கார் விளம்பரம். அதில் ஆண்கள் விண்கலத்தில் மிதக்கிறார்கள்; செயற்கைக் கால் பொருத்திய ஒருவர் நீளம் தாண்டுகிறார். பெண்களோ, ஒருத்தி கூடாரத்தில் தூங்குகிறாள், இன்னொருத்தி குழந்தையின் தள்ளுவண்டிக்கு அருகே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். தனியாகப் பார்த்தால் அந்தப் பெஞ்சில் ஒரு குற்றமும் இல்லை. விண்வெளிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து போட்டதுதான் வினை. தடையான மற்றொன்றில், சாப்பாட்டைப் பார்த்த மயக்கத்தில் அப்பாக்கள் கைக்குழந்தைகளைக் கோட்டைவிடுகிறார்கள். வேடிக்கையாம். அப்பாவுக்கு வராது என்று சிரித்துவிட்டால் குழந்தை மறுபடி யார் இடுப்புக்குப் போகும்?

இப்போது புதிதாக 'சூப்பர் அம்மா' வேறு. ஒரு கையில் லேப்டாப், மறு கையில் கரண்டி. பாராட்டுகிறார்களா, கூடுதல் வேலை கொடுக்கிறார்களா, புரியவில்லை.

விளம்பர வருமானம் இல்லாமல் பத்திரிகை நடத்த முடியாது, தெரியும். அந்தப் பக்கத்தை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. 'அம்மாவுக்கு' என்பதை எடுத்துவிட்டு 'ஓய்வு கொடுங்கள்' என்று மட்டும் போட்டால் இயந்திரம் விற்காதா என, அடுத்த முறை உங்கள் விளம்பரப் பிரிவு அந்த நிறுவனத்திடம் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாமே.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி